படத்தில் ஒரு படம்

ஆறு வருடம் தொலைக்காட்சியில் ஓடி, பிறகு சினிமாவுமாகிவிட்ட அந்தப் பழங்காலக் குடும்பக் கதையின் இரண்டாம் பாகத்துக்கான படப்பிடிப்பு இது. முதல் பாகத்திலேயே குடும்பத் தலைவரை மாடிப்படியில் உருட்டிக் கொன்றுவிட்டார்கள். இந்தப் படத்தில் அவர் சுவரில் வரைந்த படமாக மட்டும் தொங்குகிறார். அந்த வேடம் போட்ட நடிகர், பழைய ஆட்களைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், ஆறிப்போன டீயோடு கேமராவுக்குப் பின்னால் ஓரமாக நிற்கிறார். ஜன்னலுக்கு வெளியே கட்டிய விளக்கின் ஒளி மாலை வெயிலாக உள்ளே விழுகிறது. மனைவியாக நடிப்பவள், இதுவரை எடுத்த இரண்டு டேக்கிலும் அழுகை வராதவள், கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புத் துக்க அங்கியில் படத்தின் கண்ணாடியைத் துடைக்கிறாள். துணி கீச்சிடுகிறது. "சாப்பிட்டீங்களா?" என்று படத்தைக் கேட்கிறாள். ஆறு வருடமும் தொடரில் அவரிடம் வாரம் தவறாமல் கேட்ட கேள்வி. "நீ சாப்பிட்டியா?" என்று இருட்டிலிருந்து பதில் வந்துவிடுகிறது. "கட்! யாருய்யா அது?" என்று டைரக்டர் கத்துகிறார். நடிகர் நாக்கைக் கடித்துக்கொண்டு கதவைத் தேடுகிறார். அவள் திரும்பவில்லை. கண்ணாடியில், வரைந்த மீசைக்குப் பக்கத்தில், பின்னால் நிற்பவரின், மீசையில்லாத அதே முகம் மங்கலாகத் தெரிகிறது. துணி அங்கேயே நிற்கிறது. "இன்னொரு டேக் போலாம் சார்," என்கிறாள். "அவர் அங்கேயே நிக்கட்டும். பதிலை மட்டும் மெதுவா சொல்லச் சொல்லுங்க."