உடையாத புள்ளி

பானெட்டைத் தூக்கியதும் மெக்கானிக் பார்த்தது, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை இறுக்கும் கிளாம்பை. திருகின் மேல் வைத்த சிவப்புப் புள்ளி உடைந்திருந்தது.

“பாத்தீங்களாண்ணே? அவன் கை வச்சது எதுதான் விளங்கியிருக்கு?” என்றாள் டாக்ஸியை ஓட்டிவந்தவள்.

அவன் என்றது அவள் தம்பியை. அடுத்த தெருவில் அவனும் பட்டறை வைத்திருக்கிறான்.

புள்ளி வைப்பது மெக்கானிக்கின் வழக்கம். எதை முறுக்கினாலும் மேலே மனைவியின் நெயில் பாலிஷில் ஒரு சொட்டு. பிறகு யார் திருகினாலும் அது உடைந்து காட்டிக்கொடுக்கும். பழி தன் தலையில் விழாது.

ஐந்து மாதம் முன்பு இந்த வண்டிக்கு வாட்டர் பம்ப் மாற்றியவன் இந்த மெக்கானிக்தான். கொஞ்ச நாளில் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. தம்பி மேல் ஹோஸைக் கழற்றி, சூடேறினால் திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றிக் கொடுத்தான். மறுவாரம் மேட்டுச் சாலையில் வண்டி கொதித்து நின்றது. அன்றே அவள் தம்பியின் பட்டறை வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி பேசிவிட்டு வந்தாள்.

நாலு மாதமாகப் பேச்சு இல்லை; வண்டியை அங்கங்கே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டிவந்தாள். போன மாதம் அவனுக்குக் குழந்தை பிறந்தது. அவள் போகவில்லை.

“போய்ப் பாரு போய்ப் பாருன்னு அம்மா உயிரை எடுக்கறாங்க. அவன் தப்புதான்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க, போதும்.”

மெக்கானிக் வேலையைப் பார்த்தான்.

கூலன்ட் குறையவில்லை. விசிறி நேரத்துக்குச் சுழன்றது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரில் வெடிப்பு இல்லை. ஆயில் தெளிவாக இருந்தது, தண்ணீர் கலக்கவில்லை.

மேல் ஹோஸ் சுட்டது. கீழ் ஹோஸ் ஆறிக் கிடந்தது. அப்படியென்றால் நடுவில் எங்கோ ஓட்டம் நிற்கிறது.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீரை வடித்து, தம்பி மாட்டிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கெட்டிலில் போட்டான். தண்ணீர் கொதிப்பதற்குள் அது சமர்த்தாக வாயைத் திறந்தது.

“இது நல்லாத்தான்மா இருக்கு.”

“அப்புறம் வண்டி ஏன் கொதிக்குது? என் மூஞ்சியைப் பாத்தா?”

அவன் சிரிக்கவில்லை. மிச்சம் கீழ் ஹோஸ். அதை மட்டும் அவன் தொட்டுப் பார்த்ததோடு சரி. இரண்டு முனையிலும் புள்ளி அப்படியே இருந்தது. தன் வேலை. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

குனிந்து அமுக்கினான். நடுவில் ஏதோ பொதபொதவென்று தட்டுப்பட்டது.

பம்ப் மாற்றும்போது தூசி விழாமலிருக்க ஹோஸின் வாயில் துணியைத் திணிப்பான். மாட்டும் முன் எடுத்துவிடுவான். இதுவரை மறந்ததில்லை.

தம்பி திறந்த மேல் ஹோஸிலிருந்து துணி அங்கே வர வழியும் இல்லை. இடையில் ரேடியேட்டரின் ஊசி போன்ற மெல்லிய குழாய்கள்.

அவள் சாலையைப் பார்த்து நின்றிருந்தாள். ஸ்க்ரூடிரைவர் அவன் கையில் இருந்தது. புள்ளியை லேசாகச் சுரண்டினால் போதும், பழி தம்பிக்குப் போகும்.

“இங்க வாம்மா,” என்றான். டார்ச்சைப் புள்ளியின் மேல் பிடித்தான். “உள்ள துணி இருக்கு. இதை எனக்கு அப்புறம் யாரும் தொடல. உன் தம்பி மேல தப்பு இல்ல.”

அவள் குனிந்தாள். ஒரு முனையைப் பார்த்தாள். மறு முனையைப் பார்த்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“அன்னைக்கு அவன் பொண்டாட்டி வயித்துப் பிள்ளையோட வாசல்ல நின்னுட்டிருந்தா. நான் என்னெல்லாம் பேசினேன்னு அவளுக்குத் தெரியும்.”

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கினாள். அதன் நுனியால் ஒரு புள்ளியைச் சுரண்டினாள். பிறகு மற்றதை. டார்ச் வெளிச்சத்தில் சிவப்புத் தூள் உதிர்ந்தது.

ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இப்பக் கழட்டுங்கண்ணே.”

அவன் கழற்றினான்.