எழுந்து நின்றவர்கள்

வாசலில் கட்சிக்காரர் வெர்னைப் பார்த்ததும் மார்லிஸ் கதவைப் பாதிதான் திறந்தாள்.

அவர் கையில் சூடான ஹாட்டிஷ் பாத்திரம். மினசோட்டாவின் வடக்கு மூலையிலுள்ள அந்தச் சின்ன ஊரில், யாராவது செத்தால் இறைச்சியும் உருளைக்கிழங்குமாக அது வீடு தேடி வரும். அன்று யாரும் சாகவில்லை. அவள் கணவர் ஆர்லனுக்குக் கட்சியில் சீட் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"மனசே சரியில்ல மார்லிஸ்," என்றார் வெர்ன். "எனக்கு எப்பவும் ஆர்லன்தான்."

"அப்படியா? நேத்து பள்ளிக்கூட ஹால்ல யாருக்கு எழுந்து நின்ன?"

வெர்ன் பாத்திரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "டக்குக்கு."

அந்தத் தொகுதியில் கட்சி நிறுத்தினால் பனி அள்ளும் மண்வெட்டிகூட ஜெயிக்கும். அதனால் நிஜத் தேர்தல் நவம்பரில் இல்லை. மார்ச் மாதப் பனியில் கட்சிப் பிரதிநிதிகள் கூடுகிறார்களே, அங்கேதான். பல்லாயிரம் பேருக்கு யார் எம்.எல்.ஏ. என்பதை, நல்ல பூட்ஸ் வைத்திருக்கும் கொஞ்சம் பேர் முடிவு செய்வார்கள். போட்டியிடுபவரின் பெயரைச் சொன்னதும் ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். ஜனநாயகம் முடிந்தது, காபி குடிக்கலாம்.

ஆர்லன் மூன்று முறை ஜெயித்தவர். குரலை உயர்த்தியதே கிடையாது. எதிர்க்கட்சிக்காரர்களோடும் பேசி, உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு நிதி வாங்கி வந்தவர்.

அவரை எதிர்த்த டக், பனி ஸ்கூட்டர் விற்பவன். அவன் கொள்கை எளிமையானது: எதிர்க்கட்சிக்காரனோடு பேசியவன் துரோகி, அவன் வாங்கி வந்த நிதி துரோகத்தின் கூலி. பதவிக்கு வந்தால் முதல் வேலையாக அந்த நிதியை நிறுத்துவேன் என்று மேஜையைக் குத்திச் சொன்னான்.

ஒரே ஒரு தலை வித்தியாசத்தில் டக் ஜெயித்தான். பிரதிநிதியாக இல்லாத மார்லிஸ் அந்த நேரம் பின்கட்டில் எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தாள். யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"வெர்ன், போன வருஷம் உன் நெஞ்சு நின்னுபோச்சே. அதைத் திரும்ப ஓட வச்சது யாரு?"

"நம்ம ஆஸ்பத்திரிதான்."

"டக் அதை மூடிட்டா அடுத்த ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரம். அதுவரைக்கும் உன் நெஞ்சு பொறுமையா உட்கார்ந்திருக்குமா?"

"இருக்காதுதான். ஆனா லவோன் எழுந்துட்டா, மார்லிஸ். அங்கே வேலை பார்க்கிற நர்ஸே எழுந்தப்புறம் நான் மட்டும் உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காதுதான். அந்த ஊரில் உயிர் போனாலும் போகலாம், நல்லா இல்லாத காரியத்தை யாரும் செய்ய மாட்டார்கள்.

வெர்ன் போன கொஞ்ச நேரத்தில் லவோன் வந்தாள். அவள் கையிலும் ஹாட்டிஷ்.

மார்லிஸ் தன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே டயாலிசிஸ் ஊசித் தழும்புகள். "இதெல்லாம் நீ குத்தினது, லவோன். ஆஸ்பத்திரி போச்சுன்னா நான் எங்கே போவேன்? வாரத்துல மூணு நாள் அவ்வளவு தூரம் பனியில போய்த் திரும்பற உடம்பா இது?"

லவோனின் கண் கலங்கியது. "தெரியும் மார்லிஸ். ராத்திரியெல்லாம் தூங்கல."

"தூங்காததுக்குப் பதிலா எழுந்திருக்காம இருந்திருக்கலாமே."

"நான் எழுந்திருக்கறதாவே இல்ல. முன் வரிசையில ஒருத்தர் முதல்ல எழுந்தார். அவரே எழுந்துட்டார்னா இதுதான் முடிவு போலிருக்குன்னு நானும் எழுந்துட்டேன். அப்புறம் மத்தவங்களும் எழுந்தாங்க."

"யார் அந்த மகானுபாவர்?"

லவோன் மார்லிஸின் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தாள். "நான் சொன்னா நல்லா இருக்காது," என்று பாத்திரத்தை அவள் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினாள்.

மார்லிஸ் கொதிப்போடு சமையலறைக்கு வந்தாள். ஆர்லன், வெர்ன் கொடுத்ததைத் தட்டில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டக்குக்கு வாழ்த்துச் சொல்லியாகிவிட்டது. கட்சி முடிவை மீறித் தனியாக நிற்க மாட்டேன் என்றும் அறிவித்தாகிவிட்டது. நாகரிகமான மனிதர்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார். "வெர்ன்கிட்ட சொல்லிடாதே."

"ஒரே ஒரு தலை, ஆர்லன். எவனோ ஒரு புண்ணியவான் முதல்ல எழுந்து ஊரையே எழுப்பி விட்டிருக்கான். லவோன் பேர் சொல்ல மாட்டேங்கறா. நீ முன் வரிசையிலதானே இருந்த, உனக்குத் தெரியாம இருக்காது."

ஆர்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்."

"யாரு?"

"டக் பேரைச் சொன்னப்போ ஹால்ல ஒருத்தர்கூட எழுந்திருக்கல, மார்லிஸ். எல்லார் எதிர்லயும் அந்தப் பையன் தனியா நிக்கறான், முகமெல்லாம் சுண்டிப்போச்சு. பார்க்கவே சங்கடமா இருந்தது. அதான், ஒரு மரியாதைக்கு நான் எழுந்தேன்."