அமுக்கிப் பார்த்த மீன்

மீன் விற்க உரிமம் வேண்டுமென்றால், காகிதத்திலும் கணினியிலும் படத்தைப் பார்த்தே நல்ல மீனையும் கெட்ட மீனையும் பிரித்துக் காட்ட வேண்டும். தூத்துக்குடிச் சந்தையில் முப்பது வருடம் விற்ற செசிலி காகிதத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். கணினித் தேர்வில், பழக்கதோஷத்தில், தொடுதிரையில் வந்த எல்லா மீனின் வயிற்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுக்கியதையெல்லாம் அவள் ‘நல்ல மீன்’ என்று சொன்னதாகத் திரை எடுத்துக்கொண்டது.

“கம்ப்யூட்டர் மார்க்குதாம்மா செல்லும்,” என்றார் அதிகாரி. நெத்திலிக்கும் சாளைக்கும் வித்தியாசம் தெரியாத மேதை.

அவள் கடை, திரையில் நூறு வாங்கிய பட்டதாரிக்குப் போனது. அதிகாரி அவனிடமே சீலா மீன் வாங்கினார். பத்தடி தள்ளி நின்ற செசிலிக்கே நாறியது.

அவர் பையைத் திறந்து காட்டினார். “மீன் நல்லாருக்காம்மா?”

“எனக்கென்ன சார் தெரியும்? நான் பெயிலாப் போனவ.”