மறைக்கக் கூடாத வேலை

'அஜைல்' என்ற திட்ட மேலாண்மை முறைக்கான தேர்வில் அது அவனுடைய மூன்றாவது முயற்சி. பயிற்சிக்காகச் சமையலறைச் சுவரில் 'செய்ய வேண்டியவை', 'நடப்பவை', 'முடிந்தவை' என்று மூன்று கட்டம் போட்டு, வீட்டு வேலைகளைச் சீட்டுகளில் எழுதி ஒட்டியிருந்தான்.

"செய்யுற எந்த வேலையையும் போர்டுல மறைக்கக் கூடாது. அதான் முதல் ரூல்," என்றான் அன்று காலையும் மனைவியிடம்.

"சரிங்க. ஆபீசுக்கு நேரமாச்சு," என்று சாப்பாட்டுப் பையை நீட்டினாள்.

"இன்னைக்குப் பரீட்சையிலயும் கோட்டை விட்டா பிரமோஷன் அவ்வளவுதான்."

கோட்டை விட்டான். மாலையில் வீட்டில் யாருமில்லை. ஆத்திரத்தில் சீட்டுகளைப் பிய்த்து எறிந்தான். 'நடப்பவை'யில், 'துணி துவைப்பது' என்ற சீட்டுக்கு அடியில் இன்னொன்று ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து:

'அவருக்கு வேலை போய் நாலு மாசமானது எனக்குத் தெரியாத மாதிரி, தினமும் சாப்பாடு கட்டிக் கொடுப்பது.'

அதை எடுத்து 'முடிந்தவை'யில் ஒட்டிவிட்டு, அவள் வரும்வரை வாசலிலேயே நின்றான்.