சைவ சங்கத் தலைவரும் மூன்று பப்புகளும்

குகதாசன் கிளாஸை முதலில் வாயில் வைக்கவில்லை, மூக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நன்றாக மோந்தார். பிறகு ஒரேயொரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்து, மிச்சப் பியரை அப்படியே மேசையில் விட்டுவிட்டு எழும்பினார்.

தூண் மறைவில் ஒரேஞ்ச் ஜூஸுடன் பதுங்கியிருந்த ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் புல்லரித்தது. லண்டன் ரெய்னர்ஸ் லேன் பக்கத்துச் சைவ சங்கம் ஒன்றின் தலைவர், வெள்ளிக்கிழமை தவறாமல் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனிதர், சனிக்கிழமை பட்டப்பகலில் பப்பில்! அதுவும் சாதாரண பப் இல்லை. நிலவறையில் தாங்களே பியர் காய்ச்சி, அங்கேயே ஊற்றி விற்கிற இடம்.

குகதாசன் தெருவைக் கடந்து அடுத்த பப்புக்குள் நுழைந்தார். ஸ்ரீஸ்கந்தராஜாவும் பின்னால் போனார்.

இரண்டு தேர்தலில் இந்த மனிதரிடம் தோற்றவர் ஸ்ரீஸ்கந்தராஜா. தலைவர் கதிரையை நினைத்தால் அவருக்கு இரவில் தூக்கம் வராது. தன்னைத் தோற்கடித்தது குகதாசன் இல்லை, குகதாசனின் மனைவி தவமலர் சுடுகிற அப்பம்தான் என்று அடித்துச் சொல்லுவார். ஈஸ்ட் போட்டும் சோடா போட்டும் லண்டனில் எத்தனையோ பேர் முயன்று பார்த்தாயிற்று, தவமலரின் அப்பம் மாதிரி ஒருவருக்கும் வரவில்லை. சனம் அதைத் தின்ற கையைத்தான் குகதாசனுக்காகத் தூக்குகிறது. தானும் வரிசையில் நின்று தின்றதை அவர் சொல்லமாட்டார்.

நாளைக்கு மூன்றாவது தேர்தல். இதிலும் தோற்றால் மானம் மரியாதையெல்லாம் கப்பலேறிவிடும்.

இரண்டாவது பப்பிலும் அதே கூத்து. மோப்பம், மிடறு, முகச்சுளிப்பு. சும்மா இருந்தால் பார்காரன் முறைப்பான் என்று ஸ்ரீஸ்கந்தராஜா இன்னொரு ஜூஸ் வாங்கினார். அடிவயிறு முட்டியது. கடமைதான் பெரிது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது பப்பில்தான் குகதாசனின் முகம் மலர்ந்தது. பார்காரனிடம் குனிந்து ஆங்கிலத்தில் கெஞ்சினார். தெளிந்த பியர் வேண்டாம், அடியில் கிடக்கிற மண்டிதான் வேண்டும் என்று அவர் கேட்டது தெளிவாகவே காதில் விழுந்தது. பார்காரன் சிரித்துக்கொண்டே நிலவறைக்கு இறங்கி, அவர் கொடுத்த பிளாஸ்கை நிரப்பி எடுத்து வந்தான்.

‘குடிச்சது காணாதெண்டு மண்டியையும் விடமாட்டானாம்! அதுவும் வீட்டுக்குப் பார்சல்!’

சந்தோஷத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா கழிப்பறைக்கு ஓடினார்.

மறுநாள், வாடகைக்கு எடுத்த தேவாலய ஹோலில் பிள்ளையார் படத்தை மாட்டிவிட்டுக் கூட்டம் தொடங்கியது. முதலில் அப்பம், பிறகுதான் தேர்தல். மாறிச் செய்தால் ஒருவரும் வரமாட்டார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா மூன்றாவது அப்பத்தில் இருந்தார்.

தேர்தலை நடத்த வந்திருந்த பெரியவர் சபாரத்தினம் எழும்பினார். “குகதாசனுக்கு எதிரா ஆரும் நிக்கிறியளோ?”

“நான் நிக்கிறன், அண்ணை!” ஸ்ரீஸ்கந்தராஜா தட்டோடு எழும்பினார். “அதுக்கு முதல் இந்தச் சபை ஒண்டைக் கேக்கவேணும். நேற்று ஒரே பகலில மூண்டு பப்புக்குப் போனவர் உங்கட தலைவர். பிளாஸ்கிலயும் நிரப்பிக்கொண்டு போனவர். என்ர ரெண்டு கண்ணாலயும் பாத்தனான். இல்லையெண்டு சொல்லட்டும் பாப்பம்!”

ஹோலில் மெல்லுகிற சத்தம் நின்றுபோனது.

“என்ன குகதாசன், உண்மையோ?” என்றார் சபாரத்தினம்.

குகதாசன் எழும்பி, சமையலறைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பாவம், காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு சபையில் ஒவ்வொருவர் தட்டையும் பார்த்தார்.

“போனது உண்மைதான் அண்ணை. ஏனெண்டு மட்டும் கேக்காதேங்கோ. நான் விலகிறன்.”

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு லேசாக வெல்லுவோம் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. குரலை உயர்த்தினார்.

“சைவ சங்கத்துக்குச் சுத்தமான வாய் ஒண்டு வேணும், பாருங்கோ. இந்த வாயில சீவியத்தில ஒரு சொட்டு மதுபானம் பட்டதில்லை. பிள்ளையார் சாட்சி!”

கைதட்டல் எழும்பியது. அப்பத்தின் நடுவில் மெத்தென்று இருந்த துண்டை அந்தச் சுத்தமான வாய்க்குள் தள்ளிக்கொண்டு, அவர் தலைவர் கதிரையை நோக்கி நடந்தார்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. கையில் அகப்பையோடு தவமலர் நின்றாள்.

“தவம், நீர் பேசாமல் உள்ள போம்!” என்று குகதாசன் பதறினார்.

“எவ்வளவு நேரமப்பா பேசாமல் இருக்கிறது? ஊர் முழுக்க உங்களைக் குடிகாரன் எண்டு சொல்லப்போகுது!”

அவள் ஸ்ரீஸ்கந்தராஜாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்பமாவைப் புளிக்க வைக்க இந்த லண்டனில நான் கள்ளுக்கு எங்க போறது, அண்ணை?”