லாங்ஜம்ப்

லிஃப்ட் நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை.

மேலே பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் நலம் என்று பொருள்.

நலமாவது மண்ணாங்கட்டியாவது!

தொழிற்சாலையில் இன்று இந்த லிஃப்டுக்குக் கடைசிச் சோதனை. உள்ளே அவள் மட்டும். இதை ஓட்டும் கணினி நிரலை எழுதியவளும் அவள்தான்.

எங்கே பிழை வந்தாலும் நேரே தொடக்கத்துக்குத் தாவிவிடு என்று எழுதியிருந்தாள். சி என்ற கணினி மொழியில் அதற்கு லாங்ஜம்ப் என்றே பெயர். வந்த வழியே படிப்படியாகத் திரும்புகிற வேலை இல்லை. எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது.

இறங்கும்போது ஏதோ ஒரு சென்சார் சொதப்பியிருக்கிறது. நிரல் தாவிவிட்டது. அதற்குள் கதவைப் பூட்டியாகிவிட்டது. பூட்டைத் திறக்கச் சொல்லும் வரி பிழை வந்த இடத்துக்கும் கீழே இருந்தது. அங்கே போகவே இல்லை.

தொடக்கத்தில் நிற்கும் நிரலுக்குத் தான் பூட்டிய நினைப்பே கிடையாது. அதனால்தான் உள்ளேயும் வெளியேயும் பச்சை.

அபாய மணியை அழுத்தினாள்.

நிரல் அதையும் பிழை என்றே எடுத்துக்கொண்டது. மணி ஒலிக்கும் முன்பே மறுபடி தாவல்.

பாவி, இதையும் நான்தானே எழுதினேன்!

வெளியே பேச்சுக்குரல். லிஃப்டை வாங்க வந்த ஆஸ்பத்திரிக்காரர்கள். கூடவே மேலாளர் திருமேனி.

"பச்சை எரியுது பாருங்க சார். ஒரு குறையும் கிடையாது. நாளைக்கே மாட்டிடலாம்."

சரிபார்க்க ஒரு வாரம் கொடுங்கள் என்று இவரிடம்தான் கெஞ்சினாள். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மின்விசிறியும் நின்றிருந்தது. மூச்சு முட்டியது. பயமாக இருந்தது.

மடிக்கணினி மடியில் இருந்தது. அதன் கம்பி லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகையில் செருகியிருந்தது. ஒரே ஒரு கட்டளை போதும், பூட்டு விட்டுவிடும். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி வெளியே போகலாம். ஈ காக்கைக்குத் தெரியாது. வேலையும் தப்பும்.

கட்டளையை அடித்தாள். என்டர் மட்டும் பாக்கி.

வெளியே ஒரு பெண்குரல் கேட்டது. "ஐசியூ பேஷன்ட்டையும் இதுலதானே கொண்டு போவோம்? ஸ்ட்ரெச்சர் உள்ள திரும்புமா?"

"தாராளமா மேடம்."

அவள் விரல் அப்படியே நின்றது.

கம்பியைப் பிடுங்கினாள். மடிக்கணினியை மூடித் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். கதவை ஓங்கி ஓங்கி அடிக்கத் தொடங்கினாள்.

வெளியே பேச்சு நின்றது.