பத்தாம் வரி

பொருட்காட்சியில் மரகதவல்லி உண்டியலுடன் அமர்ந்திருந்தாள். மகள் யாழிசைக்கு வந்திருக்கும் அரிய மரபணு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் ஆய்வுக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்தாள். பணம் சேர்ந்தாலும், பத்து நோயாளிகளாவது இருந்தால்தான் ஆய்வு தொடங்கும் என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். மேசைமேல் நின்ற பலகையில் ஒன்பது குழந்தைகளின் பெயர்கள் இருந்தன. பத்தாம் வரி இரண்டாண்டுகளாக வெறுமையாகக் கிடந்தது.

ஒரு பெண் தன் மகளுடன் வந்து நூறு ரூபாயை உண்டியலில் போட்டாள். மரகதவல்லி சிறுமியிடம் கடலைமிட்டாயை நீட்டினாள். சிறுமி இடக்கையால் வலமுழங்கையைத் தாங்கித் தூக்கி, அதை வாங்கினாள். நான்கு வயதில் யாழிசையும் அப்படித்தான் வாங்கினாள். பிறகு அந்தக் கை எழவே இல்லை.

“மகாராணிக்குக் கை தூக்கக்கூட ஆள் வேணும். சரியான சோம்பேறிக்கா இவ!” என்று சிரித்த தாய், பலகையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பாவம், பச்சப் புள்ளைங்க. ரசீத என் பேர்ல போடாதீங்கக்கா, பாப்பா பேர்ல போடுங்க. புண்ணியம் அவளுக்குச் சேரட்டும். பேரு பூவிழி.”

மரகதவல்லி பேனாவின் மூடியைக் கழற்றினாள். ரசீதுப் புத்தகத்துக்கும் பலகைக்கும் இடையில் ஒரு சாண் தொலைவே இருந்தது.